கடைசி வரிசையில் ஒரு குலை

செப்டெம்பர் 12, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். ஜெனீவா விமான நிலையத்தில் ஆரணி மட்டும் நின்றாள். அவளுடைய தகப்பன் வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்க்கவில்லை என்பதைப் பதிந்து வைப்பதற்காகவே எழுதுகிறேன்.

விமானத்தில் சைவச் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் முட்டைப் பொரியலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பணிப்பெண்ணின் முகம் நினைவிருக்கிறது.

ஏரிக்கரையோடு ரயில் போனது. இடதுபக்கம் முழுவதும் மலைச்சரிவு. அதில் கீழிருந்து உச்சிவரை கல்மதில்கள், மதிலுக்கு மதில் படி போல முந்திரிகைத் தோட்டம், வைன் பிழியும் திராட்சை. லவோ என்று பெயராம்.

“இதெல்லாம் எண்ணூறு வருசத்துக்கு முந்திச் சுவாமிமார் கட்டத் தொடங்கினது, சித்தப்பா.”

“எந்தச் சுவாமிமார்?”

“வெள்ளைச் சட்டை போட்ட சுவாமிமார். வைன் குடிக்கிற சுவாமிமார்.”

சிரித்துவிட்டேன். வந்த முதல் நாளே சிரிப்பதாக இருக்கவில்லை.

ஆரணி என் அண்ணனின் ஒரே மகள். வைன் செய்வதை இங்கே ஒரு கல்லூரியில் படித்து, தகப்பன் முப்பது வருடமாகக் கூலிக்கு நிற்கும் அதே தோட்டத்தில் நிலவறைக்குப் பொறுப்பாக இருக்கிறாள். டிக்கெட் அனுப்பியவள் அவள்தான். “அறுவடைக்கு வாங்கோ சித்தப்பா, இந்த வருசம் கட்டாயம் வரவேணும்” என்று மூன்று மாதமாக விடவில்லை. நான் இடத்தைப் பார்க்கத்தான் வந்தேன். இருபத்தெட்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவன், நொதித்தலை ஒருதரம் நேரில் பார்க்க விரும்புவதில் பிழையில்லை. எனக்குப் பள்ளிக்கூட அதிபர் பதவி தராமல், என்னிடமே படித்த ஒருவனை அந்தக் கதிரையில் இருத்திய பிறகு, முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டேன். நேரம் இருக்கிறது.

வீட்டு வாசலில் அவர் நின்றார். மெலிந்துவிட்டார். ஒன்றும் பேசாமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.


செப்டெம்பர் 13, புதன்

ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். கதை முழுக்க அவருடைய மனைவி, மச்சாளின் ஊடாகத்தான்.

“உவருக்கு இரவிலை சோறு ஒத்துக்கொள்ளாது. புட்டு அவி,” என்றார் அவர், மனைவியைப் பார்த்து. குரலை வெளியே விடாமல் தொண்டைக்குள்ளேயே முணுமுணுக்கிறார். நான் கேட்டுவிடக் கூடாதாம்.

“சோறே போதும் எண்டு சொல்லுங்கோ மச்சாள்,” என்றேன்.

மச்சாள் கரண்டியைக் கீழே வைத்தார். “ரெண்டு பேரும் கை எட்டுற தூரத்திலை இருக்கிறியள். நடுவிலை நான் என்ன, தபால்காரியே?”

புட்டுத்தான் வந்தது. நன்றாக இருந்தது. எனக்கு இரவில் சோறு ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை.

ஏழு வருடமாகக் கதைப்பதில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன். எழுதினால் ஆறும் என்பார்கள், எனக்கு ஆறியதில்லை.

அம்மாவைப் பதினொரு வருடம் பார்த்தவன் நான். குளிக்க வார்த்து, ஊட்டி, தூக்கி இருத்தி. அம்மா போனபோது அவர் இங்கே இருந்தார். செத்தவீட்டை வீடியோவில் நேரடியாக அனுப்பினோம். இப்போது யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், பாதிச் சொந்தம் வெளிநாட்டில். வீடியோக்காரன் இவருடைய குரல் எல்லோருக்கும் கேட்கும்படி போனைச் சத்தமாகப் போட்டிருந்தான். நான் குனிந்து அம்மாவுக்கு வாய்க்கரிசி போடுகிறேன். ஊர் முழுக்க முற்றத்தில் நிற்கிறது. போனிலிருந்து அவர் குரல்: “தள்ளி நில்லடா. அம்மான்ரை முகம் மறைக்குது.”

பதினொரு வருடம் பக்கத்தில் நின்றவனை, ஒருநாளும் பக்கத்தில் நிற்காதவர் தள்ளி நிற்கச் சொன்னார்.

அன்றைக்குப் பிறகு அவருடைய அழைப்பு எதையும் நான் எடுக்கவில்லை.


செப்டெம்பர் 15, வெள்ளி

காலையில் தோட்டங்களுக்கூடாக நடந்தேன். கீழே ஏரி, எதிரே பிரான்சு நாட்டு மலைகள். இங்கே மூன்று சூரியன் என்கிறார்கள்: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் திரும்பும் சூரியன், பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் பொழுதுபட்ட பின் விடும் கல்மதில். மதிலில் கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, சுகமாக. உயிருள்ள ஒன்றில் கை வைத்த மாதிரி.

படிகள் செங்குத்து, என் முழங்கால் சரியில்லை. திரும்பி வந்தால், வாசலில் ஒரு ஊன்றுதடி சாத்தியிருக்கிறது. பழைய முந்திரிகைக் கட்டையில் செதுக்கியது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. என் உயரத்துக்கு வெட்டியிருந்தது.

வெக்கையிலும் அவர் கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு திரிகிறார். வெளிநாட்டுப் பவுசு.


செப்டெம்பர் 18, திங்கள்

அறுவடை தொடங்கியது. தோட்டக்காரர் எதியன், என் வயது, சிவந்த முகம், அகன்ற கை. எனக்கும் ஒரு சிறு கத்தரிக்கோலும் ஒரு பெட்டியும் தந்தார். நான் பார்க்க வந்தவன் என்று ஆரணியிடம் சொன்னேன்.

“இஞ்சை பாக்க வந்த ஆக்களும் வெட்டவேணும் சித்தப்பா. அதுதான் முறை.”

ஆளுக்கு ஒரு வரிசை. குனிந்து, குலையை உள்ளங்கையில் ஏந்தி, காம்பை வெட்டி, அழுகல் இருந்தால் நுனியால் தட்டிவிட்டு, பெட்டியில் வைக்கவேண்டும். ஷஸ்லா என்ற வெள்ளை முந்திரிகை; பழுத்தது தங்க நிறம். நிறைந்த பெட்டிகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டி ஒன்று கீழே கொண்டுபோகிறது. முன்பு மனிதன்தான் முதுகில் சுமந்தானாம். முப்பது வருடம் அந்த மனிதர்களில் ஒருவர், நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர். இந்த வருடம் அவருக்கு இலேசான வேலை: வெட்டுபவர்களுக்குப் பின்னால் வந்து, விடுபட்ட குலைகளைத் தேடுவது.

இங்கேதான் இந்த ஊரின் கூத்து. நீ ஒரு குலையை விட்டுவிட்டால், அதைக் கண்டுபிடிப்பவர் உன்னைக் கொஞ்சலாம். கன்னத்தில். எங்கள் ஊரில் கொஞ்சுவதென்றால் முத்தமிடுவது. இந்த வயதில் எழுதவே கை கூசுகிறது. கொஞ்சவிட மறுக்க முடியாது. எல்லோரும் பெட்டிகளில் தட்டிச் சத்தம் போடுவார்கள். இன்றைக்கு எதியன் ஒரு கிழவியின் வரிசையில் குலை ஒன்றைக் கண்டுபிடித்தார். அவளே கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“அப்பா மட்டும் ஒருத்தரையும் கொஞ்சமாட்டார்,” என்றாள் ஆரணி. “முப்பது வருசமாத் தன்ரை கண்ணிலை படுற குலையை எடுத்துப் பேசாமல் அந்த ஆளின்ரை பெட்டிக்குள்ளை போட்டிட்டுப் போறவர். எல்லாரும் பகிடி பண்ணுவினம். அவருக்குக் காது சிவக்கும்.”

என் வரிசைக்குப் பின்னாலும் அவர்தான் வந்தார். ஆகவே நான் மிகக் கவனமாக வெட்டினேன். இலைகளை விலக்கி, கொடியின் பின்பக்கம் வரை பார்த்தேன். ஒரு குலையும் விடவில்லை. விடவும் மாட்டேன்.

பத்து மணிக்குப் பாணும் பாற்கட்டியும் வைனும் வந்தன. மச்சாள் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ்தான் முதலில் முடிந்தது. எதியன் கடைசி ரோல்ஸைத் தன் தொப்பிக்குள் ஒளித்து வைத்ததைக் கண்டேன். எனக்குப் பிழிந்த சாறு, புளிக்காதது. இவ்வளவு காலம் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிய சீனி இதுதான்.


செப்டெம்பர் 19, செவ்வாய்

இடுப்பு என்று ஒன்று இப்போது இல்லை. ஒரு குலையும் விடவில்லை.


செப்டெம்பர் 20, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

உச்சி மதிலுக்குக் கீழே வெட்டிக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற எதியன் திடீரென்று பிரெஞ்சில் என்னவோ சத்தமாகச் சொன்னார். எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

“என்னவாம்?”

ஆரணி தயங்கினாள். “உங்கடை முதுகைத் தனக்குத் தெரியுமாம்.”

“முதுகையோ?”

“குனியேக்கை இடது தோள் கொஞ்சம் உயருமாம். அதே முதுகுதான் எண்டு சொல்லுறார்.”

எதியன் மதிலைக் காட்டிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அவள் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னாள். அம்மா இறந்ததும் இப்படி ஓர் அறுவடைக் காலத்தில்தான். சரிவில் அந்த மதில் மேல்தான் போனுக்கு நன்றாகச் சமிக்ஞை கிடைக்கும். முதுகுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேற்றுச் சப்பாத்தோடு அவளுடைய தகப்பன் மதிலில் ஏறிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. எதியனும் மற்றவர்களும் தங்கள் சட்டைகளைக் கழற்றி, அவர் தலைக்கு மேல் நான்கு பக்கமும் பிடித்து நிழல் செய்தார்களாம். தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி நின்றார்களாம். பாஷை விளங்கவில்லை. யார் எவர் என்றும் தெரியவில்லை.

“என்ன பாத்தவையாம்?” என்று கேட்டேன்.

“ஒரு முதுகு. வெள்ளை வேட்டி கட்டின ஒரு ஆளின்ரை முதுகு மட்டும்தான் தெரிஞ்சதாம். அப்பா என்னவோ சொல்லிக் கத்தினவராம். பிறகு லைன் அறுந்து போச்சாம்.”

லைன் அறுந்தது எனக்குத் தெரியாது. ஊரில் யாரும் சொல்லவில்லை.

எதியன் வந்து என் இடது தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார். அதை ஆரணி மொழிபெயர்க்கவில்லை. அந்தக் கையின் பாரம் இப்போதும் தோளில் இருக்கிறது.

அவர் நாலு வரிசைக்கு அப்பால் இலைகளை விலக்கிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். நிமிரவில்லை.

பின்னேரம் குசினியில் மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்: “டிக்கெட் எடுத்து வைச்சவர், தம்பி. அடுத்த நாள் பிளைட். ரெண்டு நாள் பொறுத்திருந்தால் வந்திருப்பார்.”

“செப்டெம்பர் வெக்கை மச்சாள். உடம்பை வைச்சிருக்கேலாது. ஐயரும் அண்டைக்கே நேரம் சொன்னவர்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை,” என்றார் மச்சாள்.

வெங்காயம் எனக்கும் கண்ணைக் கரித்தது.


செப்டெம்பர் 21, வியாழன்

மழை. வெட்டு இல்லை. ஈரக் குலையைப் பெட்டியில் போட்டால் சாறு நீர்த்துவிடும்.

போர்மலின் ஏற்றினால் உடம்பு ஐந்து நாள் தாங்கும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்வரை யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். போர்மலின் புரதத்தை எப்படி இறுக்குகிறது என்பது உயர்தர வகுப்பில் நான் படிப்பித்த பாடம்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

(பின்னேரம்) ஆரணி நிலவறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய மரப் பீப்பாய்கள். ஒன்றில் காதை வைக்கச் சொன்னாள். உள்ளே சாறு நொதிக்கும் சத்தம். தொலைவில் சோறு கொதிக்கிற மாதிரி. என் மாணவர்களில் ஒருவருக்காவது இதைக் கேட்கக் கொடுத்து வைத்திருந்தால் நான் இதைவிட நல்ல வாத்தியாராக இருந்திருப்பேன்.

பீப்பாயின் மறுபக்கம் நின்றபடியே சொன்னாள். முகத்தைக் காட்டாமல் சொல்வதற்காகத்தான் இங்கே கூட்டி வந்தாள் என்று நினைக்கிறேன்.

“அப்பான்ரை தொண்டையிலை கட்டி, சித்தப்பா. கூடாத கட்டி, கான்சர். வாற புதன்கிழமை ஒப்பரேசன். குரல்வளையை எடுக்கினம்.”

“அறுவடை முடியட்டும் எண்டு இவர்தான் தள்ளிவைச்சவரோ?”

“ஓம். டாக்குத்தர் ஏசினவர்.” மூக்கை உறிஞ்சினாள். “உயிருக்கு ஒண்டும் வராது எண்டினம். குரல்தான் போயிடும். அதுதான் உங்களை வரச் சொன்னனான். அப்பா சொல்லச் சொல்லேல்லை. சொல்லக் கூடாது எண்டுதான் சொன்னவர்.”

அந்த முணுமுணுப்பு. அந்தச் சால்வை.

இப்படியே புதன்கிழமை வந்தால், அவர் என்னிடம் தன் குரலில் கடைசியாகச் சொன்னது “தள்ளி நில்லடா” என்பதாகவே இருக்கும். மேலே இவ்வளவு எழுதியிருக்கிறேன், இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.


செப்டெம்பர் 22, வெள்ளி

காலை மேசையில் வாயைத் திறந்தேன். “மழை விட்டிட்டுது,” என்று மச்சாளிடம் சொன்னேன்.


செப்டெம்பர் 23, சனி

வெயில். நாள் முழுக்க வெட்டினோம். அவர் பின்னால் வந்துகொண்டே இருந்தார். சப்பாத்துச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஏதாவது சொல்லவேண்டி வரும். திரும்பவில்லை. ஒரு குலையும் விடவில்லை. பெருமையாக இல்லை.


செப்டெம்பர் 25, திங்கள்

இன்று அறுவடை முடிந்தது. உச்சி மதிலுக்குக் கீழே கடைசித் துண்டு. பத்து மணிக்குள் முடிந்துவிடும் போலிருந்தது. கடைசி வரிசையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாதி வரிசையில் ஒரு குலை. பெரியது, இரண்டு கை நிறையும். இடுப்பு உயரத்தில் தொங்கியது. அந்த இடத்து இலைகளைக் கோடையிலேயே கிள்ளியெடுத்துவிட்டார்கள், எனவே மறைந்திருந்தது என்று சொல்ல முடியாது. அதைக் கடந்து போய்விட்டேன். வெயில் கண்ணில் அடித்திருக்கவேண்டும். சூரியன் அப்போது எனக்குப் பின்னால் இருந்ததாக ஆரணி பிறகு சொன்னாள். அவளுக்கு எதையும் லேசில் விடத் தெரியாது, எங்கள் குடும்பம்.

அடுத்த கொடியில் குனிந்திருந்தேன். பின்னால் சப்பாத்துச் சத்தம் நின்றது.

எதியன்தான் முதலில் கண்டார். “புரொஃபெசர்!” என்று கூவினார். இங்கே எனக்கு அதுதான் பெயர். சரிவு முழுக்கப் பெட்டிகளில் தட்டத் தொடங்கினார்கள். அந்தக் கிழவி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

நிமிர்ந்து திரும்பினேன். அவர் குலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது. அதற்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். முப்பது வருடமாக அதைத்தான் செய்திருக்கிறார். காது இரண்டும் சிவந்திருந்தன. நானும் அசையவில்லை. அந்த இடத்தில் எனக்கு எது பிடிமானம் என்று தெரியாமல் கத்தரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சால்வையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“கிட்ட வாடா,” என்றார்.

குரல் இல்லை, காற்றுத்தான். ஆனாலும் அவ்வளவு தட்டலுக்குள்ளும் எனக்குக் கேட்டது.

பெட்டியைத் தாண்டிப் போனேன். அவரிடம் தைலமும் முந்திரிகைச் சாறும் மணத்தன. மழிக்காத தாடி கன்னத்தில் உரசியது. எனக்கு ஐம்பத்தாறு வயது. எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் தொட்டுக்கூடக் கதைப்பதில்லை.

விலகப் போனோம். எதியன் மூன்று விரலைக் காட்டிக் கத்தினார்.

“இந்த ஊரிலை மூண்டு!” என்றாள் ஆரணி, அழுகையும் சிரிப்புமாக. “வலது, இடது, திரும்ப வலது!”

மூன்றையும் முடித்தோம். பிழையில்லாமல் முடித்தோம் என்று சொல்ல முடியாது. இரண்டாவதில் மூக்கோடு மூக்கு முட்டியது.

அவர் குலையை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பாதி தந்தார். மதிலில் போய் இருந்தோம், கல் ஏற்கெனவே சூடேறத் தொடங்கியிருந்தது.

“கண் தெரியாதோ உனக்கு? இவ்வளவு பெரிசை விட்டிட்டாய்.”

“தெரியேல்லை, அண்ணா.”

ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். “பொய் சொல்லுறதெண்டால் சின்னக் குலையாப் பாத்து விட்டிருக்கோணும்.”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. முதுகைத் தடவிவிட்டேன்.

பிறகு கேட்டார்: “அம்மா கடைசியா என்னடா கேட்டவ?”

“தேத்தண்ணி.”

“சீனி போட்டோ?”

“நாலு கரண்டி போட்டுக் குடுத்தனான். டாக்குத்தர் வேண்டாமெண்டவர்.”

“நல்லது,” என்றார் அண்ணா. இன்னொரு பழத்தைப் பிய்த்தெடுத்தார். “நல்ல வேலை செய்தாய்.”

செத்தவீட்டுக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பின்னேரம் வரை அவர்தான் கதைத்தார். மச்சாள் “தொண்டையை விடுங்கோ” என்று இரண்டு தரம் வந்து ஏசிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் ரோல்ஸை வைத்துவிட்டுப் போனார். வந்த முதல் வருடம் பனியில் கூடையோடு உருண்டு எதியனின் தகப்பன் மேல் விழுந்தது, ஆரணி பிறந்த அன்று பெட்டி ஏற்றும் லொறியில் ஏறி ஆசுப்பத்திரிக்குப் போனது, எல்லாம் சொன்னார். ஊன்றுதடியை எப்படி அளவு பார்த்து வெட்டினீர்கள் என்று கேட்டேன். “ரெண்டு பேரும் ஒரே உயரம்தானேடா,” என்றார். எனக்கு அது மறந்து போயிருந்தது.

அறுவடைச் சாப்பாட்டில் எதியன் போன வருடத்து வைனை ஊற்றினார். வாழ்க்கையில் முதல்தரம் ஒரு வாய் குடித்தேன். புளிப்பு. கல்லை நக்கிய மாதிரி ஒரு ருசி கடைசியில். இரண்டாவது வாய் நன்றாக இருந்தது. விமானப் பணிப்பெண்ணை மன்னித்துவிட்டேன். அதிபர் விடயத்தில் அவசரமில்லை.


செப்டெம்பர் 27, புதன்

ஒப்பரேசன் காலையிலிருந்து பின்னேரம் வரை. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆசுப்பத்திரிக் கடைவாசலில் மச்சாளும் நானும் சேர்ந்து ஒரு தேத்தண்ணியைப் பாதி பாதியாகக் குடித்தோம். சீனி போட்டுத்தான்.

பயணத்தை அடுத்த மாதக் கடைசிக்கு மாற்றச் சொல்லி ஆரணியிடம் சொன்னேன். விசாவில் இடமிருக்கிறது. அவள் நேற்றே மாற்றிவிட்டாளாம்.


செப்டெம்பர் 29, வெள்ளி

இன்று உள்ளே விட்டார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு, குழாய்கள். என்னைக் கண்டதும் கண்ணைச் சிமிட்டினார். எதியன் அனுப்பிய முந்திரிகைக் குலையை யன்னலோரம் வைத்தேன். சாப்பிட இன்னும் நாளாகும், பார்க்கலாம் அல்லவா.

ஏதோ சொல்ல வாயை அசைத்தார். சத்தமில்லை. பழக்கத்தில் மறந்துவிட்டார். நான் குனிந்தேன். குழாய் மாற்ற வந்த தாதி, கையைக் காட்டி என்னைக் கட்டிலை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவளுடைய வேலை அது. சுவரோரம் போய் நின்றேன்.

அவள் வேலையை முடித்து நிமிரும் முன்னமே அண்ணா போர்வைக்கு வெளியே கையை எடுத்து, நான்கு விரலையும் மடக்கிக் கூப்பிட்டார்.

கிட்டப் போனேன்.